போட்டோஸ்டேட் கடையைக் கிளை அலுவலகமாக அங்கீகரிக்கக் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், போலிடெக்னிக் மற்றும் சமூகக் கல்லூரிக் கல்வித் துறை, உயர்கல்வி அமைச்சு, புத்ராஜெயா.

அனுப்புநர்: போட்டோஸ்டேட் கடைக்காரன், லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன், பினாங்கு.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

உங்கள் துறைக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கிளை அலுவலகம் பல வருடமாக நடந்துகொண்டிருப்பது புத்ராஜெயாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். லெபோ குவீன் மாரியம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு நடந்தால், பூக்கடைகளைத் தாண்டி, பலகாரக் கடையின் எண்ணெய் வாடை முடிகிற இடத்தில் என் கடை. இரண்டு போட்டோஸ்டேட் மெஷின், ஒரு கணினி, லேமினேட் போடும் பெட்டி, பாஸ்போர்ட் படம் எடுக்க நீலத் துணி தொங்கவிட்ட ஒரு மூலை. வாடகையும் மின்கட்டணமும் நான் கட்டுகிறேன். ஊழியர் ஒருவர், அதுவும் நானே. அரசாங்கத்துக்குச் சல்லிக்காசு செலவில்லை. இந்தக் கிளையை முறைப்படி அங்கீகரித்து, வாசலில் மாட்ட ஒரு பெயர்ப்பலகைக்கு அனுமதி தர வேண்டும் என்பதே என் விண்ணப்பம். பலகையை நானே அடித்துக்கொள்வேன், உங்கள் சின்னம் இருக்கும் ஃபைலை மட்டும் அனுப்பினால் போதும்.

இங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்பீர்கள். சமூகக் கல்லூரியில் சான்றிதழ்ப் படிப்பு முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். (எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம், எல்லாரும் நம் பிள்ளைகள்தான்.)

“அங்கிள், ரெசுமே அடிக்கணும்.”

“என்ன படிச்ச தம்பி?”

“எயர்கோண்ட்.”

“என்ன வேலை தேடற?”

“எதா இருந்தாலும் ஓகே அங்கிள்.”

தொழில் ஆலோசனை இத்தோடு முடிந்தது. கணினியைத் திறந்தால், கல்லூரிப் பட்டறையில் கொடுத்த ரெசுமே வடிவம் பென்டிரைவில் இருக்கும். முதல் வரி ஆங்கிலத்தில்: புகழ்பெற்றதொரு நிறுவனத்தில் சவால் மிகுந்த பதவியில் அமர்ந்து என் ஆற்றலை வெளிக்கொணர விழைகிறேன், என்கிற மாதிரி. குளிரூட்டி பழுதுபார்க்கப் படித்த எயர்கோண்ட் பையனுக்கும் அதே வரி. கேக் செய்யப் படித்த பொண்ணுக்கும் அதே வரி. மோட்டார் பழுதுபார்க்கப் படித்தவனுக்கும் அதே. நான் ஒருமுறை அதை அழித்துவிட்டு, ‘பழுதான கம்ப்ரெசரைக் கழற்றி மாட்டத் தெரியும், கேஸ் நிரப்பத் தெரியும், உயரத்தில் ஏறப் பயமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பையன் பதறிப்போனான். “ஐயோ அங்கிள், அந்த வரி கட்டாயம் இருக்கணும்னு லெக்சரர் சொன்னாங்க.” திரும்பப் போட்டுவிட்டேன். மேலிடத்து உத்தரவைக் கிளை அலுவலகம் மீறலாமா? பக்கத்துக்கு 20 சென். அந்த ஒரு வரியை அச்சடித்தே மைக்காசு தேறிவிடுகிறது, அதற்காகத் துறைக்கு நன்றி.

நன்றி சொல்ல வேறு காரணங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2000 ஜூலையில் அமைச்சரவை முடிவெடுத்து, 2001இல் 12 கல்லூரிகளோடு ஆரம்பித்த திட்டம் இது. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஒன்று என்பது நோக்கம். இன்றைக்கு நாடு முழுக்க நூற்றைத் தாண்டிவிட்டது. எங்கள் மாநிலத்திலேயே பாயான் பாரு, கப்பளா பத்தாஸ், நிபோங் திபால் என்று தீவிலும் பெருநிலத்திலும் இருக்கின்றன. எஸ்.பி.எம். தேர்வில் ஏதோ சில பாடம் தேறி, ஆறாம் படிவத்துக்கும் வழியில்லாமல், தனியார் கல்லூரிக்குக் கட்டவும் வீட்டில் வசதியில்லாத பிள்ளைக்கு இப்படி ஒரு கதவு திறந்திருப்பது சின்ன விஷயமல்ல. தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதியாக்கியபோது வெளியேறிய குடும்பங்கள் நிபோங் திபால் பக்கம் நிறைய. அந்த வீடுகளில் முதன்முதலாக ஒரு சான்றிதழைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்றால், அதில் உங்கள் சின்னம் இருக்கிறது. லேமினேட் போட்டது நான்.

கதவுக்கு உள்ளே எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. வெளியே போகிற வழியில்தான் நீங்கள் ஓர் அற்புதத்தை வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி விரிவாகப் பேசியே ஆக வேண்டும்.

எஸ்.கே.பி.ஜி. என்று ஓர் ஆய்வுப் பாரம். படிப்பு முடித்தவர்கள் பட்டமளிப்பு விழாவுக்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பிய சீட்டைக் காட்டினால்தான் அங்கி கொடுப்போம் என்று பல இடங்களில் சொல்லிவிடுவதால், விழா நெருங்கும் நாட்களில் என் கடையில் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும். அச்சடித்துக் கொடுப்பது நான் என்பதால் அந்தப் பாரம் எனக்கு மனப்பாடம். இப்போது நீ என்ன செய்கிறாய் என்று கேட்கும். வேலை செய்கிறேன் என்று சொல்லலாம். மேலே படிக்கிறேன் எனலாம். திறன் பயிற்சி எடுக்கிறேன் எனலாம். வேலையில் அமர்த்தப்படக் காத்திருக்கிறேன் எனலாம். கடைசியாக, இன்னும் வேலை இல்லை என்றும் ஓர் இடம் உண்டு.

இதில் முதல் நாலு பேரையும் கூட்டி வருவதுதான் நீங்கள் மேடைதோறும் சொல்லும் விழுக்காடு. 90ஐத் தாண்டி நிற்கிறது, அமைச்சர்கள் பெருமையோடு சொல்கிறார்கள், பத்திரிகையில் நாங்களும் படிக்கிறோம். வேலை செய்பவனும் வெற்றி, வேலைக்குக் காத்திருப்பவனும் வெற்றி. கணக்கு வாத்தியார் யாருக்கும் தோன்றாத கருணை இது. தேர்வு எழுதியவனும் பாஸ், எழுதப் போகிறவனும் பாஸ் என்று எங்கள் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நானும் இன்றைக்கு டாக்டராகியிருப்பேன்.

வேலை செய்கிறேன் என்று டிக் அடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். ஹோட்டல் நிர்வாகம் படித்த பொண்ணு கைத்தொலைபேசிக் கடையில் கவர் விற்கிறாள். மின்கம்பி வேலை படித்தவன் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறான். என் கடைக்கு வரும்போதுகூட ஒரு கையில் போன் அலறிக்கொண்டே இருக்கிறது, “அங்கிள் சீக்கிரம், ஆர்டர் ஓடிடும்” என்பான். உழைத்துச் சாப்பிடுகிற பிள்ளைகள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இவர்களைப் போன்றவர்கள் பெருகிப்போனதால்தான் 2025இல் நாடாளுமன்றமே கிக் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டமூலம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த மின்கம்பி எங்கே போயிற்று என்று உங்கள் விழுக்காடு கேட்பதில்லை.

கேட்கிற ஆள் வேறு ஒருவர் இருக்கிறார். புள்ளிவிவரத் துறை. உயர்கல்வி முடித்து வேலை செய்வோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். நீங்களும் புத்ராஜெயா, அவர்களும் புத்ராஜெயா. மத்தியானம் ஒரே உணவுக்கடையில் நாசி சம்போர் வாங்கும் தூரம். ஒருநாள் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று கற்பனை செய்து பார்ப்பேன். “எங்கள் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வேலை ஐயா.” “எங்கள் கணக்கில் அவர்கள் தப்பான வேலையில் இருக்கிறார்கள் ஐயா.” “அப்படியா? சம்பல் கொஞ்சம் தள்ளுங்கள்.”

பாரத்தோடு உதவி நின்றுவிடுவதில்லை, வேலைவாய்ப்புச் சந்தை என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. குளிரூட்டிய மண்டபம், வரிசையாக மேசை, மேசைக்குப் பின்னால் புது டி-ஷர்ட் போட்ட மனிதவள அதிகாரிகள். நிபோங் திபாலிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி, ஜூருவில் மாறி, பாலம் தாண்டி வந்த பிள்ளை, கையில் பத்து நகல் ரெசுமேயோடு நிற்கும். (நகல் எடுத்தது இந்தக் கிளை.) அதிகாரி சிரித்த முகத்தோடு சொல்வார்: “தாள் வாங்குவதில்லை தம்பி, இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடுங்க.” இணையத்தில் போய்ப் பார்த்தால், புதிதாகப் படிப்பு முடித்தோர் வரவேற்கப்படுகிறார்கள், இரண்டு வருட அனுபவம் அவசியம். ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு தண்ணீர்ப் போத்தல் கிடைத்தது. போத்தல் நல்ல தரம்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் வேலைத் தளத்திலும் பதிந்து கொடுத்திருக்கிறேன். நல்ல தளம்தான், குறை சொல்லமாட்டேன். சொக்சோவிடம் 2018இல் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. வேலை போனவர்களுக்கு உதவித்தொகை, மறுபயிற்சி எல்லாம் உண்டு. அதற்கு முதலில் ஒரு வேலையில் சேர்ந்து சந்தா கட்டியிருக்க வேண்டும், பிறகு அதை இழக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் படியிலேயே நின்றுகொண்டு, என்றைக்கு வேலை போகும் என்று ஆவலோடு காத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை பேசலாமா? இந்த ஊருக்கு வேலை தேடிக்கொடுத்த அனுபவம் உண்டு. 1969இல் பினாங்கு சுங்கமில்லாத் துறைமுக உரிமையை இழந்தது, கடைத்தெருக்கள் ஓய்ந்தன, இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அதே வருடம் முதலமைச்சரான லிம் சொங் இயூ, பாயான் லெப்பாஸ் வயல்வெளியைச் சுதந்திர வர்த்தக மண்டலமாக்கினார். 1972இல் இன்டெல் வந்தது. ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி, ஏஎம்டி எல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பொண்ணுங்க, இப்போது பாட்டிகள், என் கடைக்கு ஏதாவது பாரம் நிரப்ப வருவார்கள். ஒருத்தரிடமும் ரெசுமே இருந்ததில்லை. தொழிற்சாலை பஸ் கிராமத்துக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. ஏறத் தெரிந்தால் போதும். நுண்ணோக்கிக்குக் கீழே முடியளவு கம்பியை ஒட்டவைக்க உள்ளே போன பிறகு கற்றுக்கொடுத்தார்கள். கண் கெட்டது, முதுகு போயிற்று, அது தனிக்கதை, அதையும் மறக்கக் கூடாது. நான் சொல்ல வருவது பஸ்ஸைப் பற்றி. வேலை ஓரிடத்தில், ஆள் ஓரிடத்தில், நடுவில் யாராவது வண்டி ஓட்டினார்கள்.

அப்புறம் 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் வந்தது, எங்கள் ஊரில் பிஎஸ்டிசி என்றால்தான் தெரியும். தொழிற்சாலைகளே மாநில அரசோடு சேர்ந்து, கல்வியாளர்களையும் கூட்டி உண்டாக்கியது. எங்களுக்கு இந்த மெஷின் ஓட்ட ஆள் வேண்டும், மெஷினையும் நாங்களே தருகிறோம் என்று முதலாளிகள் தங்களுக்குள் போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் வெளிநாட்டுக்கு ஆய்வுச் சுற்றுலா போவதற்கு முன் ஒருமுறை பினாங்குக்கு வந்தால், விமானம் இறங்குவது பாயான் லெப்பாஸில்தான். மையம் அங்கிருந்து அதிகத் தூரமில்லை, ஒரு எட்டு எட்டிப் பார்க்கலாம்.

லத்திஹான் இண்டஸ்ட்ரி விவகாரத்துக்கு வருவோம். சான்றிதழ்ப் படிப்பின் கடைசிப் பருவம் தொழிற்பயிற்சி. தத்துவம் அருமையானது, ஆனால் இடம் தேட வேண்டியது பெரும்பாலும் மாணவன். வீட்டில் அப்பா தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தால் அங்கே போகலாம். அப்பா காவல்காரராக இருந்தால்? மாமா, சித்தப்பா, கோயில் கமிட்டித் தலைவர் என்று தெரிந்த முகம் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலவன்ஸ் கொடுப்பார்கள் அல்லது கொடுக்கமாட்டார்கள், அது அந்தந்த முதலாளியின் மனசைப் பொறுத்தது. பெட்ரோலும் மத்தியானச் சாப்பாடும் மட்டும் யார் மனசையும் பொறுத்ததல்ல. எனவே காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை நல்ல இடத்தில் சும்மா வேலை பார்க்கும். காசில்லாத பிள்ளை கொஞ்சம் அலவன்ஸ் தருகிற இடத்தில் பெட்டி தூக்கும். முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அறிக்கை, ஒரே மாதிரி பைண்டிங். பைண்டிங் இந்தக் கிளையில் ஐந்து வெள்ளி.

பிறகு வேலை கிடைத்துச் சேர்கிறவனின் கடிதத்தையும் நான்தான் நகல் எடுக்கிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கடிதத்திலும் அதே 1,700. சான்றிதழே இல்லாமல் பக்கத்து வரிசையில் நிற்பவனுக்கும் சட்டப்படி அதே 1,700. உங்கள் சான்றிதழுக்கு இன்ன விலை என்று முதலாளி எங்கும் எழுதவில்லை. சமத்துவம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேர்முகத்தைப் பற்றிக் கொஞ்சம். என் கடைக்கு வரும் ஒரு பொண்ணு வீட்டில் தமிழ் பேசுகிறாள், கல்லூரியில் மலாயில் படித்தாள், நேர்முகத்தில் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், வேலைக்குச் சேர்ந்தால் மேற்பார்வையாளர் ஹொக்கியனில் திட்டுவார். சௌராஸ்தா சந்தைப் பக்கம் வளர்ந்ததால் ஹொக்கியன் திட்டு அவளுக்கு நன்றாகவே புரியும், பதிலும் சொல்லுவாள். நான்கு மொழி! எந்த நாட்டுத் தூதரகத்திலும் மரியாதை கிடைக்கும். பட்டறையில் கொடுத்த ரெசுமேயில் இருப்பது ‘தகவல் தொடர்புத் திறன்: நன்று’ என்ற ஒரு வரி.

அதே போலத்தான் அவள் அண்ணன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போடும் கூட்டத்தில் அவன்தான் பொறுப்பாளன். நன்கொடை திரட்டி, அனுமதி வாங்கி, ஒலிபெருக்கி வாடகை பேசி, இரத ஊர்வலத்தன்று விடிய விடிய ஆயிரக்கணக்கான பேருக்கு மோரும் சாப்பாடும் கொடுத்து, மறுநாள் குப்பையை அள்ளிக் கணக்கும் ஒப்படைத்தான். தலைமைத்துவம் என்ற கட்டத்துக்கு நேரே என்ன எழுதியிருந்தான் தெரியுமா? ‘வகுப்புத் துணைத் தலைவர்.’ பட்டறையில் சொன்ன எடுத்துக்காட்டு அது. ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்து பந்தல் கதையைக் கேட்டு எழுதினேன். அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் நகல் எடுக்கவில்லை, இழப்பீடு கோரும் எண்ணமும் இல்லை.

உண்மையில் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து வருடத்தில் கிடைத்த ஆகச்சிறந்த தொழில் உதவி எது என்று என்னைக் கேட்டால், 2019 ஜனவரி 1ஆம் தேதியைச் சொல்வேன். அன்றிலிருந்து பினாங்குப் பாலம் இரண்டிலும் மோட்டார்சைக்கிளுக்கு டோல் இல்லை. பட்டர்வர்த் பையன் தீவுக்கு வருகிறான், தீவுப் பையன் இரண்டாம் பாலம் ஏறி பத்து காவானுக்குப் போகிறான், புதுத் தொழிற்சாலைகள் அங்கேதானே எழும்புகின்றன. மழையில் நனைந்துகொண்டு போனாலும் காசு மிச்சம். பட்டறை இல்லை, பாரம் இல்லை, கியூஆர் இல்லை, துணிப்பை இல்லை. உங்கள் துறை இதில் சம்பந்தப்படவில்லை என்பதால் வேலை சுலபமாக முடிந்துவிட்டது.

கிளை அலுவலகம் என்ற உரிமையில் தலைமைக்குச் சில யோசனைகள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரே ஓர் ஆளைப் போடுங்கள். வகுப்பு எடுத்துக்கொண்டே, போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்துகொண்டே, விழாவுக்கு மேடையும் கட்டிக்கொண்டே, மிச்ச நேரத்தில் முதலாளிகளுக்கு மின்னஞ்சல் போடும் பாவப்பட்ட விரிவுரையாளர் வேண்டாம். இதற்கென்றே ஓர் ஆள். அவருக்கு வகுப்பு கிடையாது, ஒரு காரும் பெட்ரோல் கிளெய்மும் உண்டு. பிறை, பாயான் லெப்பாஸ், பத்து காவான், கூலிம் என்று காலையில் கிளம்பி, எந்த மேற்பார்வையாளருக்கு எப்போது ஆள் தேவைப்படும் என்று பெயரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்திருந்தால் சம்பளம் வெட்டு. அப்படி ஓர் ஆள் வந்துவிட்டால் என் கிளையை மூடிவிடலாம். பெயர்ப்பலகைச் செலவும் மிச்சம்.

எஸ்.கே.பி.ஜி. பாரத்தை ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவை அனுப்புங்கள். அங்கியைப் பிடித்துவைத்துக்கொண்டு கேட்டால் பிள்ளை எதற்கும் டிக் அடிக்கும். அங்கி திரும்பப் போய், படமும் சுவரில் ஏறிய பிறகு கேளுங்கள்: படித்த வேலையைத்தான் செய்கிறாயா, இன்னும் அதே 1,700தானா, யாராவது உன்னைக் கூப்பிட்டுப் பேசினார்களா? விழுக்காடு கொஞ்சம் இறங்கும். அதனால் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. மேடையில் பேசுகிறவருக்குத் தொண்டை கொஞ்சம் கரகரக்கலாம், சுக்குத் தண்ணி குடித்தால் சரியாகிவிடும்.

காத்திருக்கும் கட்டத்தில் டிக் அடித்தவர்களுக்கு, எதற்காக, யாருக்காக, எந்தத் தேதி வரைக்கும் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள். என் கடையில் ஒரு பையனிடம் சும்மா கேட்டேன். “யாரும் கூப்பிடல அங்கிள், ஆனா வேலை இல்லைன்னு போட அசிங்கமா இருந்துச்சு” என்றான். அவனும் உங்கள் வெற்றியில் இருக்கிறான். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரத்துக்கு வேண்டிய ஆவணங்களை இணைத்திருக்கிறேன்: கடை உரிமத்தின் சான்றளித்த நகல், அடையாள அட்டை நகல், நீலப் பின்னணியில் படம் இரண்டு, ஒரு ரெசுமே. ரெசுமேயின் முதல் வரியில், புகழ்பெற்றதொரு நிறுவனத்தில் சவால் மிகுந்த பதவியில் அமர விழைகிறேன் என்று தவறாமல் எழுதியிருக்கிறேன்.

இந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். உங்கள் கணக்கில் காத்திருப்பவனும் கிடைத்தவனும் ஒன்றுதான் என்பதால், கோப்பில் ‘பதில் அனுப்பப்பட்டது’ என்றே குறித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெர்ஹிட்மாட் உந்துக் நெகாரா (நாட்டுக்குச் சேவையில்),

தங்கள் ஊதியமில்லாக் கிளை அதிகாரி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.